சர்வேயர் எழுதும் தொகை தீர்ப்பல்ல

வீட்டைக் காப்பீடு செய்யுங்கள் என்று வங்கி சொல்கிறது, அரசு சொல்கிறது, விளம்பரமும் சொல்கிறது. காப்பீடு செய்தவருக்குப் புயலுக்குப் பிறகு உரிய பணம் முழுதாகக் கிடைத்ததா என்று கேட்பார்தான் இல்லை. கூரையைச் சரிசெய்ய மூன்று லட்சம் ஆகும். கணக்கில் வந்து விழுவது அதில் கால்வாசி. ‘வந்தவரை லாபம்’ என்று கையெழுத்துப் போட்டு ஒதுங்கிவிடுகிறவர்கள் பலர். ஒதுங்கத் தேவையில்லை. குறைத்துக் கொடுத்த தொகையைப் பெற்றுக்கொண்டே மீதியைக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு வக்கீலும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை வந்தாலே குமரி மாவட்டத்தில் ஒக்கியின் நினைவு எழும். 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலை ஒட்டிக் கடந்த அந்தப் புயல், கடலுக்குப் போன எத்தனையோ பேரைத் திரும்பவிடவில்லை. கரையில் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. உயிரிழப்பின் முன்னால் வீட்டுச் சேதத்தைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வரவில்லை.

அதற்குப் பின் 2021 நவம்பரில் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிய பெருமழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். பேரிடர் என்பது தலைமுறைக்கு ஒருமுறை வருவது என்ற கணக்கு தெற்கே பொய்த்துவிட்டது.

குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக்கு இதில் தனியான சிக்கல் ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில் அமைந்த கணவாய் ஊர் இது. காற்று இங்கே விருந்தாளி அல்ல, குடியிருப்பவர். அதனால்தான் முப்பந்தல் வரை காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஓட்டு வீட்டுக்காரருக்கும், மொட்டைமாடியில் ஷீட் போட்டவருக்கும் தினசரிக் காற்றே ஒரு கவலை. இப்படிப்பட்ட ஊரில் புயல் கூரையைப் பெயர்த்தால், ‘இந்த ஊரில் எப்போதும் அடிக்கிற காற்றுதானே’ என்று சொல்லி இழப்பீட்டைக் குறைப்பது எளிது. எனவே இந்த ஊர்க்காரர்களுக்கு விதிகள் கூடுதலாகவே தெரிந்திருக்க வேண்டும்.

அரசு நிவாரணம் எதுவரை?

‘காப்பீடு இல்லாவிட்டால் என்ன, அரசு கொடுக்கும்’ என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. 2022 முதல் 2026 வரைக்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிமுறையைப் பார்த்தால் நிலைமை புரியும். முழுக்க அழிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய். பகுதி சேதமடைந்த உறுதியான வீட்டுக்கு, அதுவும் சேதம் குறைந்தது 15 விழுக்காடு இருந்தால், 6,500 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். மாநில அரசு தன் பங்காகக் கூட்டித் தரலாம். ஆனால் அந்த விதிமுறையின் அடிப்படை இதுதான்.

6,500 ரூபாயில் இன்று ஒரு கொத்தனாருக்கும் கையாளுக்கும் எத்தனை நாள் கூலி கொடுக்க முடியும்? கூரையில் பாதி போன குடும்பத்துக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடியது காப்பீடுதான். அந்தப் பணமும் பாதி வழியில் சுருங்கினால், வட்டிக்குக் கடன் வாங்குவதோ நகையை அடகு வைப்பதோதான் மிஞ்சும்.

மூன்று லட்சம் 77 ஆயிரமான கதை

இழப்பீடு எப்படிச் சுருங்குகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். 15 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு செய்த ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். புயலில் கூரை ஷீட்டும் இரும்புச் சட்டமும் போயின: 1,40,000 ரூபாய். காம்பவுண்டு சுவர் சாய்ந்தது: 90,000. தண்ணீர்த் தொட்டியும் சூரிய ஒளிப் பலகையும் உடைந்தன: 40,000. ஒயரிங், பூச்சு வேலை: 30,000. ஆக மொத்தம் 3 லட்சம்.

சேதத்தை மதிப்பிடச் சர்வேயர் வருகிறார். கூரை பழையது என்று 40 விழுக்காடு தேய்மானம் கழிக்கிறார், 56,000 போயிற்று. காம்பவுண்டு சுவர் பாலிசியில் தனியாகக் குறிப்பிடப்படவில்லை என்கிறார், 90,000 போயிற்று. மீதி 1,54,000. வீட்டின் உண்மை மதிப்பு 30 லட்சம், நீங்கள் 15 லட்சத்துக்குத்தானே எடுத்தீர்கள் என்று அதையும் பாதியாக்குகிறார். கடைசியில் நிற்பது 77,000 ரூபாய்.

மூன்று வெட்டுகளும் கேட்க நியாயமாகவே தோன்றும். பாலிசியைக் கையில் எடுத்துப் படித்தால்தான் அவற்றின் கதை வேறு என்று தெரியும்.

பாலிசி என்ன சொல்கிறது?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற நிலையான வீட்டுப் பாலிசியை 2021 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்தது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இதன் அடிப்படை வாசகம் ஒன்றுதான். உங்கள் பாலிசியின் தலைப்பில் இந்தப் பெயர் இருந்தால் மேலே சொன்ன மூன்று வெட்டுகளுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலாவது, மதிப்பைக் குறைத்துக் காட்டினீர்கள் என்று சொல்லி விகிதப்படி வெட்டுவது. பழைய தீக்காப்பீட்டுப் பாலிசிகளில் இந்த விதி உண்டு. ‘பாரத் கிருஹ ரக்ஷா’வில் அது நீக்கப்பட்டுவிட்டது. வீட்டின் பரப்பளவைச் சரியாகச் சொல்லியிருந்தால், காப்பீட்டுத் தொகை குறைவு என்பதற்காக இழப்பீட்டைப் பாதியாக்க முடியாது. அந்தத் தொகைதான் உச்சவரம்பு. அதற்குள் வரும் சேதத்துக்கு முழுமையாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, காம்பவுண்டு சுவர். வீட்டுக் கட்டடம் என்பதற்கான விளக்கத்திலேயே காம்பவுண்டு சுவர், வேலி, கேட், தடுப்புச் சுவர், கார் ஷெட், வெளிக்கட்டடம், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, சூரிய ஒளிப் பலகை ஆகியவை சேர்கின்றன. மரம் விழுந்து சுவர் இடிந்தாலும் பாதுகாப்பு உண்டு.

மூன்றாவது, தேய்மானம். வீட்டைச் சேதத்துக்கு முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் பழுதுச் செலவைக் கொடுப்பதுதான் இந்தப் பாலிசியின் அடிப்படை. எனவே ‘40 விழுக்காடு’ என்று எழுதினால் அது பாலிசியின் எந்த வாசகத்திலிருந்து வந்தது என்று கேட்கலாம். பதிலை எழுத்தில் கேட்க வேண்டும்.

நம்மவர்கள் கேட்காமலே விட்டுவிடும் வேறு சிலவும் இதில் உண்டு. இடிபாடுகளை அகற்றும் செலவாக இழப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு வரை. பொறியாளர், கட்டடக் கலைஞர் கட்டணமாக 5 விழுக்காடு வரை. வீட்டில் தங்க முடியாத நிலை என்றால் மாற்று வீட்டுக்கான வாடகையும் கோரலாம். வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தனியாகக் கேட்காமலே பாதுகாப்பு சேர்ந்து வருகிறது. ஃபிரிட்ஜும் டி.வி.யும் நனைந்து போனால் அதையும் கோரிக்கையில் எழுதுங்கள்.

வேறு வகைப் பாலிசி வைத்திருப்பவர்கள் தங்கள் வாசகத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். குறிப்பாக, வீட்டுக் கடனோடு வங்கி எடுத்துக்கொடுத்த பாலிசி. அது பல வீடுகளில் வீட்டுக்காரர் கைக்கே வந்திருக்காது. பிரீமியம் மட்டும் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும். கடன் நிலுவை இருந்தால் இழப்பீட்டுத் தொகையும் முதலில் வங்கிக்கே போகலாம். ஆகவே வங்கியிடம் கேட்டு பாலிசி நகலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வழக்கமான காற்றா, புயலா?

கணவாய் ஊர்க்காரர்கள் சந்திக்கும் முக்கியமான வாதம் இது. பழசாகித் தானாகப் பழுதாவது காப்பீட்டில் வராது என்பது பொதுவான விதி. ‘ஷீட் ஏற்கெனவே துருப்பிடித்திருந்தது, வழக்கமான காற்றுக்கே ஆடிக்கொண்டிருந்தது’ என்று சர்வேயர் எழுதிவிட்டால் கோரிக்கை அங்கேயே பலவீனமாகிறது.

இங்கே இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, பாலிசியில் சூறாவளி, புயல், சூறைக்காற்று, வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன. வானிலைத் துறை பெயர் சூட்டிய புயலாக இருந்தால்தான் பணம் என்று எங்கும் சொல்லவில்லை. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் புயல் என்பது வானிலைத் துறை தன் எச்சரிக்கைகளுக்காக வைத்திருக்கும் வகைப்பாடு. அது உங்கள் பாலிசியின் நிபந்தனை அல்ல.

இரண்டு, காற்றை நிரூபிக்க ஆதாரம் திரட்டலாம். அன்றைய வானிலை அறிக்கை, கன்னியாகுமரி வானிலை நிலையத்தின் பதிவு, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, மின்வாரியத்தின் மின்தடைப் பதிவு, அந்தத் தேதி நாளிதழ்ச் செய்தி ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே நாளில் சேதம் என்றால் அதுவே வலுவான சான்று. பத்து வீட்டுக் கூரை ஒரே இரவில் துருப்பிடித்துப் போகாது.

புயலுக்கு முந்தைய படமும் முக்கியம். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் வீட்டை நான்கு பக்கமும், கூரையை மேலிருந்தும் கைப்பேசியில் படம் எடுத்து, தேதியோடு வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கோ உறவினருக்கோ அனுப்பி வைத்துவிடுங்கள். கைப்பேசி வெள்ளத்தில் போனாலும் படம் அவர்களிடம் இருக்கும். ‘ஏற்கெனவே பழுது’ என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

சர்வேயர் யாருடைய ஆள்?

சர்வேயர் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உரிமம் பெற்றவர், இரு தரப்புக்கும் நடுநிலையாக இருக்க வேண்டியவர். ஆனால் அவரை நியமிப்பதும் கட்டணம் கொடுப்பதும் காப்பீட்டு நிறுவனம். ஆகவே வருகிறவரோடு சண்டையும் வேண்டாம். அவர் சொல்வதே முடிவு என்று தலையாட்டவும் வேண்டாம்.

2009-இல் ஒரு வாகன இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. சர்வேயர் அறிக்கை முக்கியமான ஆவணம்தான், ஆனால் அதுவே கடைசி வார்த்தை அல்ல. வேறு ஆதாரம் இருந்தால் அதிலிருந்து விலகலாம். அதே ஆண்டு ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், தனக்குச் சாதகமான அறிக்கை கிடைக்கும்வரை நிறுவனம் ஒருவர் பின் ஒருவராகச் சர்வேயர்களை நியமித்துக்கொண்டே போக முடியாது என்றும் சொன்னது.

ஆதாரம் இல்லாமல் அறிக்கையை உடைக்க முடியாது என்பதும் இதன் மறுபக்கம். உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரிடம் அளவு, பொருள், கூலி என்று வரிவாரியாக மதிப்பீடு எழுதி வாங்குங்கள். ‘கூரை வேலை மொத்தம் இவ்வளவு’ என்று ஒற்றை வரியில் எழுதிய துண்டுச்சீட்டு நிற்காது. சர்வேயர் வரும்போது கூடவே நடந்து, அவர் அளப்பதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் விட்டுப்போனதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.

மழை உள்ளே கொட்டுகிறதென்றால் தார்ப்பாய் போட்டு மறைக்கலாம். மேலும் சேதமாகாமல் தடுப்பது உங்கள் கடமையும்கூட. ஆனால் சர்வேயர் பார்ப்பதற்கு முன் உடைந்த ஓட்டையும் வளைந்த ஷீட்டையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவைதான் உங்கள் சாட்சிகள்.

2024-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட விதிமுறைகளில் காலக்கெடு இறுக்கப்பட்டிருக்கிறது. கோரிக்கை வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். தாமதத்துக்கு வட்டி கேட்கவும் உரிமை உண்டு. அறிக்கையின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்; எந்த இனத்தில் எவ்வளவு, ஏன் வெட்டினார்கள் என்று தெரியாமல் மறுப்பு எழுத முடியாது.

கையெழுத்துக்கு முன் ஒரு வரி

நிறுவனம் அனுப்பும் ஒப்புகைச் சீட்டில் ‘முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்டிருக்கும். ‘இதில் கையெழுத்துப் போட்டால்தான் பணம்’ என்பார்கள். வீடு திறந்து கிடக்கும் நேரத்தில் யார் மறுக்க முடியும்?

அஜ்மேர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், நிர்ப்பந்தத்தாலோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து, மீதியைக் கேட்கும் உரிமையைப் பறித்துவிடாது என்றது. ஒப்புகைச் சீட்டைக் காட்டி மக்களை நீதிமன்றம் போகவிடாமல் தடுக்கக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யும் 2015-இல் சுற்றறிக்கை அனுப்பியது.

ஆனால் நிர்ப்பந்தம் இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரர்மேல் விழும். எதிர்ப்பே சொல்லாமல் கையெழுத்துப் போட்டு, ஓராண்டு கழித்துப் போனால் கதவு சாத்தியிருக்கலாம். எனவே சீட்டிலேயே ‘ஆட்சேபத்துடன், பகுதித் தொகையாகப் பெற்றுக்கொள்கிறேன், மீதியைக் கோரும் உரிமை எனக்கு உண்டு’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத விடவில்லையென்றால் அன்றே இதை மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள். இந்த ஒரு வரி பின்னால் பெரிய வாதத்துக்குச் சமம்.

முறையிட நான்கு படிகள்

முதல் படி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி. பாலிசியிலேயே அவருடைய முகவரி இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பத்தி வீதம் மறுப்பு எழுதி, பொறியாளர் மதிப்பீட்டையும் படங்களையும் இணைத்து அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் வர வேண்டும்.

இரண்டாவது, ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ இணையதளம். 155255 என்ற எண்ணில் தொலைபேசியிலும் பதிவு செய்யலாம். ஆணையம் வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் புகார் நிறுவனத்தின் மேலிடத்துக்குப் போகும், பதிவும் இருக்கும்.

மூன்றாவது, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் எனப்படும் ஓம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிட்டு ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ, ஓராண்டுக்குள் இங்கே போகலாம். கட்டணம் இல்லை. வக்கீலுக்கு இங்கே இடமே இல்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. இணையம் வழியே புகார் அளிக்கலாம். காணொலி வழியே விசாரணைக்கும் விதி இடம் தருகிறது. ஆரல்வாய்மொழிக்காரர் இதற்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

அவருடைய உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. திருப்தி இல்லையென்றால் நீங்கள் மேலே போகலாம். 30 நாளில் உத்தரவை நிறைவேற்றாத நிறுவனம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் புகார்தாரருக்குத் தர வேண்டும் என்பது 2024 விதி.

நான்காவது, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். வழக்கின் மதிப்பு, நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது என்பதால் அநேகமாக எந்த வீட்டுக்காரருக்கும் கட்டணமே வராது. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே புகாரை ஓம்புட்ஸ்மன் எடுத்துக்கொள்ள மாட்டார். எனவே முதலில் ஓம்புட்ஸ்மன், பிறகு தேவைப்பட்டால் ஆணையம் என்பதே சரியான வரிசை.

வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வெள்ளம் போன்ற பேரழிவால் பாதிக்கப்பட்டவர்களுக்கும், பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. அந்த உரிமை காகிதத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

நிறுவனத்தின் பக்கமும் உண்டு

நிறுவனங்கள் வெட்டுவதெல்லாம் அநியாயம் என்று சொல்ல வரவில்லை. புயலைச் சாக்காக வைத்துப் பத்தாண்டுப் பழுதையும் சேர்த்துக் கணக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஷீட் போனதற்குக் கூரை முழுவதும் மாற்றப் பில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பொய்யான ஒரு பில் இருந்தால் மோசடி என்று சொல்லி மொத்தக் கோரிக்கையையும் நிறுவனம் தள்ளிவிடலாம். நியாயமான பகுதியும் அதோடு போகும்.

மிகைப்படுத்திக் கேட்டால்தான் குறைத்தாவது கொடுப்பார்கள் என்ற பேரம் இதில் உதவாது. இருதரப்பும் ஒருவரையொருவர் நம்பாமல் போனதற்கு இந்தப் பேரப் பழக்கமும் ஒரு காரணம். நடந்த சேதத்தை நடந்தபடி எழுதி, அதற்கு முழுத் தொகையையும் கேட்பதே பலமான நிலை.

அரசும் ஆணையமும் செய்ய வேண்டியவை

விதிகள் நன்றாகவே இருக்கின்றன. அவை தோவாளை தாலுகாவில் ஓட்டு வீட்டில் இருக்கும் முதியவரை வந்து சேர்வதில்லை என்பதுதான் குறை. அதைச் சரிசெய்யச் சில யோசனைகள்.

முதலாவது, பேரிடர் அறிவிக்கப்பட்ட இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் காப்பீட்டு முகாம் நடத்த வேண்டும். எல்லா நிறுவனங்களின் பிரதிநிதிகளும், ஒரு சட்டப்பணி வழக்கறிஞரும் அங்கே இருக்க வேண்டும். கோரிக்கையைப் பதிவு செய்வது, சர்வேயர் அறிக்கையின் நகல் பெறுவது, மறுப்பு எழுதுவது ஆகிய மூன்றும் அங்கேயே நடக்க வேண்டும். இதற்கு மாவட்ட ஆட்சியர் முன்கை எடுத்தால் போதும்.

இரண்டாவது, காற்றுப் பதிவுகளைப் பொதுவாக்க வேண்டும். காற்றாலைகள் நிறைந்த பகுதி இது; இங்கே காற்றின் வேகம் இடைவிடாமல் அளக்கப்படுகிறது. மத்திய அரசின் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் கயத்தாறில் சோதனை மையமே வைத்திருக்கிறது. காற்றை அளந்து மின்சாரம் விற்க முடிகிறது. அதே அளவை வைத்து ஓர் ஏழை தன் கூரைக்கு ஆதாரம் காட்ட முடியவில்லை. புயல் நாள்களின் காற்று வேகத்தை ஊர்வாரியாக மாவட்ட நிர்வாகம் வெளியிட்டால் ‘வழக்கமான காற்று’ என்ற வாதத்துக்கு அன்றே முடிவு வரும்.

மூன்றாவது, சமரசப் பேச்சு. சூறாவளிகளுக்குப் பேர்போன அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வீட்டுக் காப்பீட்டுத் தகராறுகளுக்கு மாநில அரசே சமரச ஏற்பாடு செய்கிறது. செலவு நிறுவனத்தின் தலையில். பெருமழைக்குப் பின் ஓம்புட்ஸ்மன் மாவட்டத் தலைநகரங்களில் முகாம் அமர்வு நடத்தி இதே வேலையை இங்கும் செய்யலாம்.

நான்காவது, மொழி. குமரி மாவட்டத்தில் விற்கும் பாலிசிக்கு ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமாவது இருக்க வேண்டும். வாடிக்கையாளர் தகவல் தாள் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அது தமிழில், கையில் கிடைக்க வேண்டும். சர்வேயர் அறிக்கையின் வெட்டுப் பட்டியலும் தமிழில் வர வேண்டும்.

ஐந்தாவது, வரி. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. வீட்டுக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு அப்படியே இருக்கிறது. பேரிடருக்குப் பின் அரசு தரும் நிவாரணச் சுமையைக் குறைப்பதே வீட்டுக் காப்பீடுதான்; அதற்கே வரி போடுவது முரண். கடலோர, மலையோர மாவட்டங்களுக்காவது இதை நீக்க வேண்டும்.

ஆறாவது, அரசு கட்டித்தரும் வீடுகள். கலைஞரின் கனவு இல்லம், பிரதமர் வீடு வழங்கும் திட்டம் ஆகியவற்றில் கட்டப்படும் வீடுகளுக்கு முதல் ஐந்தாண்டுக் காப்பீட்டை அரசே மொத்தமாக எடுத்துத் தரலாம். மொத்தமாக எடுக்கும்போது பிரீமியமும் குறையும். நாகாலாந்து அரசு தன் மாநிலத்தின் பேரிடர் இழப்புக்கே காப்பீடு எடுத்திருக்கிறது, தமிழ்நாட்டால் முடியாததல்ல.

வீட்டுக்காரர் இந்த வாரமே செய்ய வேண்டியவை

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். பாலிசியை எடுத்து அதன் பெயரையும், கட்டடத்தின் பரப்பளவு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். புதிதாக மாடி எடுத்திருந்தால், ஷீட் போட்டிருந்தால் நிறுவனத்துக்கு எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓலைக் கூரையோ தற்காலிகக் கொட்டகையோ இருந்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டைப் படம் எடுங்கள். பாலிசி எண், நிறுவனத்தின் தொலைபேசி எண், 155255 ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.

சேதம் நடந்தால் அன்றோ மறுநாளோ தகவல் கொடுங்கள். ஒவ்வொரு பேச்சையும் எழுத்தாக்குங்கள். குறைத்துக் கொடுத்தால் ஆட்சேபத்தோடு வாங்கிக்கொண்டு மீதிக்கு எழுதுங்கள். தெருவில் பலருக்கு இதே நிலை என்றால் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே பொறியாளரை வைத்து, ஒரே நாளில் முறையிடுங்கள்.

காப்பீட்டு இழப்பீடு நிறுவனம் தரும் சலுகை அல்ல. ஆண்டுதோறும் முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கிய உரிமை. அதை எழுத்தில் கேளுங்கள், காலக்கெடுவுக்குள் கேளுங்கள், முழுதாகக் கேளுங்கள்.